ஜெர்மனியில் குதிரைப் பண்ணைப் பயிற்சி: போய்ச் சேர்ந்த முதல் இரண்டு மாதங்களுக்கான செய்முறை

உசிலம்பட்டிக்குப் பக்கத்தில் மாடுகளுக்கு நடுவே வளர்ந்து, நாமக்கல்லில் கால்நடை மருத்துவம் படித்து முடித்த கையோடு, வடஜெர்மனியின் நீடர்சாக்சன் மாநிலத்தில் ஃபெர்டென் நகருக்கு அருகிலுள்ள ஒரு ஹானோவர் இனக் குதிரைப் பண்ணைக்கு ஆறு மாதப் பயிற்சிக்குச் சென்றேன். விசாவுக்கு என்னென்ன தாள்கள் வேண்டும் என்பதைச் சென்னைத் துணைத் தூதரகத்தின் பட்டியலே தெளிவாகச் சொல்லிவிடும் என்பதால் அதை இங்கே விளக்கப் போவதில்லை. பட்டியலில் இல்லாதவையும், நமக்குத் தெரியும் என்று நாம் அலட்சியமாக விட்டுவிடுபவையும்தான் என்னைப் படுத்தின.

முதல் படி: மதுரையிலேயே பெயரைச் சரிசெய்யுங்கள்

நம் மதிப்பெண் சான்றிதழ்களில் இன்ஷியலோடு ஒரு பெயரும், கடவுச்சீட்டில் அப்பாவின் பெயரைக் குடும்பப் பெயராக விரித்து எழுதிய இன்னொரு பெயரும் இருப்பது நமக்கு இயல்பு. ஜெர்மானிய அலுவலருக்கு அவர்கள் இரண்டு தனி மனிதர்கள். இரண்டும் ஒருவரையே குறிக்கும் என்ற உறுதிமொழிப் பத்திரம் ஒன்றை ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து, மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் ஒரு நோட்டரியிடம் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். கடவுச்சீட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருந்தால், விசாவுக்கு விண்ணப்பிக்கும் முன்பே அதை நிரப்பிப் புதிய கடவுச்சீட்டு வாங்கிவிடுவதே நல்லது என்பது என் கருத்து. காலிக் கட்டத்தை ஒவ்வொரு அலுவலகமும் தனக்குத் தோன்றியபடி நிரப்பும். பிறகு அவற்றை ஒன்றாக்குவது உங்கள் வேலையாகிவிடும்.

இரண்டாம் படி: முகவரிப் பதிவும் அஞ்சல் பெட்டியும்

குடியேறிய இரண்டு வாரத்துக்குள் ஊராட்சி அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். இதற்கு ‘அன்மெல்டுங்’ என்று பெயர். கடவுச்சீட்டோடு, வீடு கொடுத்தவர் கையெழுத்திட்ட ‘வோனுங்ஸ்கேபர்பெஷ்டேட்டிகுங்’ என்ற உறுதிப் படிவத்தையும் கொண்டுசெல்ல வேண்டும். வாடகை ஒப்பந்தம் இதற்கு ஈடாகாது. பண்ணையிலேயே அறை தருகிறார்கள் என்றால் இந்தப் படிவத்தில் பண்ணை உரிமையாளர் கையெழுத்திட வேண்டும். விமானம் ஏறும் முன்பே மின்னஞ்சலில் அவருக்கு இதை நினைவூட்டிவிடுங்கள், ஏனென்றால் குட்டி ஈனும் பருவத்தில் அவரை மேசையில் உட்கார வைப்பது எளிதல்ல.

இதுவரை நான் சரியாகத்தான் செய்தேன். ஐந்தாம் நாளே பதிவு முடிந்தது. அதன் பிறகு பதினோரு இலக்க வரி எண் சில வாரங்களில் அஞ்சலில் வீடு தேடி வரும் என்றார்கள். மூன்று வாரமாகியும் வரவில்லை. விசாரித்தபோதுதான், அஞ்சல் பெட்டியில் பெயர் இல்லாதவருக்கு அங்கே அஞ்சலும் இல்லை என்பது தெரிந்தது. நம் ஊரில் தெருப்பெயர் தவறாக இருந்தாலும் ‘மாட்டாஸ்பத்திரிக்கு எதிர்வீடு’ என்று எழுதினால் தபால்காரர் கொண்டுவந்து கொடுத்துவிடுவார். அங்கே பெட்டியின் மேல் பண்ணைக்காரரின் குடும்பப் பெயர் மட்டும் இருந்ததால், எனக்கு வந்த கடிதம் வந்த வழியே திரும்பிவிட்டது.

உடனே ஒரு தாளில் என் பெயரை எழுதி ஒட்டினேன், நாம் வழக்கமாக எழுதுவதுபோல அப்பா பெயரின் முதலெழுத்தைப் போட்டு. அடுத்த கடிதமும் திரும்பியது. காரணம் எளிது: அரசு அனுப்பும் எல்லாக் கடிதங்களிலும் பெரிதாக இருப்பது குடும்பப் பெயர், அதாவது கடவுச்சீட்டின்படி என் அப்பாவின் பெயர். ‘ஃப்ராவ்’ என்ற அடைமொழியோடு என் அப்பாவைத் திருமதியாக்கி வரும் அந்தக் கடிதங்களுக்கு உரிய ஆள் நான்தான் என்று தபால்காரருக்கு எப்படித் தெரியும்? ஆகவே கடவுச்சீட்டில் உள்ளபடி அப்பாவின் பெயரைப் பெரிதாகவும் உங்கள் பெயரை அதன் பக்கத்திலும் எழுதி, சேர்ந்த அன்றே பெட்டியில் ஒட்டுங்கள். பயண மூட்டையைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போகும் முன்பே ஒட்டினாலும் தவறில்லை.

தொலைந்த வரி எண்ணை மீண்டும் கேட்க இணையப் படிவம் உண்டு, ஆனால் எண்ணைத் தொலைபேசியிலோ மின்னஞ்சலிலோ சொல்ல மாட்டார்கள். மறுபடியும் அஞ்சலில்தான் வரும். அதற்குள், வரி எண்ணைக் கொடுக்க முடியாததால், முதல் மாத உதவித்தொகையில் ஆறாம் வரி வகுப்பின்படி, அதாவது இருப்பதிலேயே அதிகமான பிடித்தத்தோடு, பணம் வந்தது. பின்னர் அதைச் சரிசெய்தார்கள் என்றாலும், கையிருப்பு கரைந்துகொண்டிருந்த அந்த மாதத்தில் அது வலித்தது.

மூன்றாம் படி: உடுப்பு

மதுரை விளக்குத்தூண் கடைத்தெருவில் வாங்கிய ஸ்வெட்டர்கள் இரண்டும் பெட்டியைவிட்டு வெளியே வரவே இல்லை. ஜனவரிக் கடைசியில் அங்கே காலை எட்டு மணி தாண்டித்தான் விடியும். தொழுவ வேலையோ ஆறரைக்குத் தொடங்கிவிடும். காற்றையும் ஈரத்தையும் தடுக்கும் மேலுறை, உள்ளே மெல்லியதாக இரண்டு அடுக்கு, விரல்நுனி பாதுகாக்கப்பட்ட காலணி, மூன்று சோடிக் கையுறை ஆகியவற்றை அங்கே போய் வாங்குங்கள். விவசாயப் பொருள் விற்கும் கடைகளில் வாங்குவதே என் விருப்பம். குதிரைச் சவாரிக் கடைகளில் அதே கையுறைக்கு இரு மடங்கு விலை சொல்கிறார்கள். டெட்டனஸ் தடுப்பூசியை மட்டும் இங்கேயே போட்டுக்கொண்டு, போட்ட தேதியைச் சான்றோடு எடுத்துச் செல்லுங்கள்.

நான்காம் படி: மாட்டுப் பழக்கத்தை வாசலில் விட்டுவிடுங்கள்

மாட்டை அறிந்தவருக்குக் குதிரை எளிது என்று நினைத்துச் சென்றேன். முதல் வாரத்திலேயே ஒரு பெட்டைக் குதிரையின் முன் அன்போடு வைக்கோலைக் கொட்டினேன். நமக்கு வைக்கோல் தீவனம். அங்கே ‘ஷ்ட்ரோ’ எனப்படும் வைக்கோல் படுக்கை, ‘ஹோய்’ எனப்படும் உலர்புல்தான் தீவனம். ஐந்நூறு கிலோ எடையுள்ள குதிரைக்கு ஒரு நாளைக்கு எட்டு முதல் பத்து கிலோ உலர்புல் வேண்டும். வைக்கோலை அளவுக்கு மீறித் தின்றால் குடல் அடைத்துக்கொள்ளும். குதிரையால் வாந்தியெடுக்க முடியாது என்பதால் வயிற்று வலி என்றாலே அங்கே எல்லோரும் ஓடுகிறார்கள்.

இரண்டாவது, கயிறு. வண்டிமாட்டை இழுத்துப் போகும்போது மூக்கணாங்கயிற்றை உள்ளங்கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொள்வது எனக்குச் சிறுவயதுப் பழக்கம். ஒரு காலையில் அப்படியே சுற்றிக்கொண்டு ஒரு குதிரையை மேய்ச்சல் வெளிக்கு நடத்திச் சென்றபோது, தீவனக் குவியலை மூடியிருந்த பிளாஸ்டிக் விரிப்பின் ஒரு முனை காற்றில் படபடத்தது. குதிரை பக்கவாட்டில் ஒரு துள்ளுத் துள்ளியது. கயிறு கையில் இறுகி உருவிக்கொண்டு போனதில், சுண்டுவிரல் அடியிலிருந்து கட்டைவிரல் வரை தோல் சுருண்டு வந்துவிட்டது. மூன்று வாரம் அந்தக் கையால் முட்கரண்டியைப் பிடிக்க முடியவில்லை. சரியான முறை இது: குதிரையின் இடப்பக்கத்தில் அதன் தோளுக்கு நேராக நடக்க வேண்டும்; தலைக்கயிற்றுக்குச் சற்றுக் கீழே வலக்கையால் பிடிக்க வேண்டும்; மீதிக் கயிற்றை வளையமாகச் சுற்றாமல், புடவைக் கொசுவம்போல முன்னும் பின்னுமாக மடித்து இடக்கையில் வைத்திருக்க வேண்டும். இழுத்தால் மடிப்பு நழுவிவிடும், கை தப்பும். கையுறை இல்லாமல் ஒருபோதும் குதிரையை நடத்தாதீர்கள்.

மூன்றாவது, ஈற்று. குதிரையின் சினைக்காலம் ஏறக்குறைய பதினொரு மாதம். பெரும்பாலும் இரவில்தான் ஈனும், ஆகவே இரவுக் காவல் பயிற்சிக்கு வந்தவர் தலையில் விழும். குட்டி ஒரு மணி நேரத்தில் எழ வேண்டும், இரண்டு மணி நேரத்தில் பால் குடிக்க வேண்டும், மூன்று மணி நேரத்தில் நஞ்சுக்கொடி விழ வேண்டும். பசுவுக்கு நஞ்சு விழப் பன்னிரண்டு மணி நேரம்வரைகூடப் பொறுத்திருந்து பழகிய நான், ‘காலையில் பார்த்துக்கொள்ளலாம்’ என்று சொல்ல வாயெடுத்தேன். பண்ணை மேலாளர் அதற்குள் மருத்துவரை அழைத்துவிட்டார். குதிரைக்கு மூன்று மணி நேரம் தாண்டினால் கருப்பையில் நோய்த்தொற்று ஏறி, குளம்பு அழற்சிவரை போய்விடும். பாடத்தில் படித்ததுதான், கண் மட்டும் மாட்டையே பார்த்துக்கொண்டிருந்தது.

ஐந்தாம் படி: சாப்பாடும் போக்குவரத்தும்

ஞாயிற்றுக்கிழமை கடைகள் கிடையாது, சனிக்கிழமையே வாங்கிவிடுங்கள். இட்லி மாவு குளிரில் புளிக்காது. அடுப்பை எரிய விடாமல், மின் அவனின் உள்விளக்கை மட்டும் போட்டு இரவு முழுவதும் உள்ளே வைத்தால் காலையில் பொங்கியிருக்கும். கிராமத்துப் பேருந்து பள்ளி நாட்களில்தான் ஒழுங்காக ஓடும் என்பதால், பழைய மிதிவண்டி ஒன்றை முதல் வாரத்திலேயே வாங்குவது பேருந்து அட்டவணையை மனப்பாடம் செய்வதைவிட மேல்.

பின்சேர்க்கை 1: முகவரி பதிந்த சில வாரங்களில் ஒலிபரப்புக் கட்டணம் கேட்டுக் கடிதம் வந்ததாக ஒருவர் கேட்டிருந்தார். ஏமாற்று வேலை என்று கிழித்துப் போடாதீர்கள். மாதம் 18.36 யூரோ, ஆனால் அது வீட்டுக்கு ஒன்றுதான், ஆளுக்கு ஒன்றல்ல. உடன் தங்கியிருப்பவர் ஏற்கெனவே கட்டுகிறார் என்றால் அவருடைய கட்டண எண்ணைக் குறிப்பிட்டுப் பதில் அனுப்பினால் போதும்.

பின்சேர்க்கை 2: மேலூரிலிருந்து சென்ற ஒருவர், பெட்டியில் பெயரை ஒட்டியும் கடிதம் திரும்பியது என்று எழுதினார். படம் அனுப்பச் சொல்லிப் பார்த்தேன். பேனா மையால் எழுதிய தாள். மழையில் மை கரைந்து ஒரு நீலக் கறை மட்டும் இருந்தது. அழியாத மார்க்கரால் எழுதி, மேலே அகலமான ஒளிபுகும் டேப்பை நான்கு ஓரமும் மூடும்படி ஒட்டுங்கள்.