மாஸ்க்குக்கு மேலே தெரிகிற முகம்

மதுரையில் ஒரு பல் கிளினிக்கில் ரிசப்ஷனில் இருக்கிறேன். காலை 9 மணியிலிருந்து மாலை 6 வரை மாஸ்க். சேர்ந்த முதல் வாரம், மதியம் சாப்பிடக் கழற்றினால் உள்பக்கம் முழுக்க ஃபவுண்டேஷன்; நடுவில் மெரூன் உதடு அச்சடித்த மாதிரி. முகத்தில் இருந்ததைவிட மாஸ்க்கில்தான் மேக்கப் அதிகம்.

இப்போது மூக்குக்குக் கீழே ஃபவுண்டேஷனே கிடையாது. முகம் கழுவி, ஜெல் மாய்ஸ்சரைசர் மெல்லிசாகத் தடவி, 10 நிமிடம் விட்டுவிடுவேன். அதற்குள் தலை பின்னிவிடலாம். ஈரம் காயாமல் மாஸ்க் போட்டால் எனக்குத் தாடையில் குட்டிக் குட்டிப் பருக்கள் வரும். உதட்டுக்கு லிப் பாம் போதும். லிப்ஸ்டிக் இல்லாமல் முடியாது என்றால் பளபளப்பில்லாத மேட் வகை எடுங்கள். பூசியதும் டிஷ்யூவை உதடுகளுக்கு நடுவே வைத்து ஒருமுறை அழுத்தி எடுங்கள்.

கண்ணுக்குத்தான் வேலை. மூச்சுக்காற்று மேலே ஏறிக் கீழ் இமை மையைக் கலைத்துவிடும், அதனால் அங்கே மை வேண்டாம். மேல் இமையில் வாட்டர்ப்ரூஃப் ஐலைனர், முனையில் சின்ன வால். மாஸ்க் போட்டதும் மூக்குக் கம்பியை இரண்டு கை விரல்களாலும் அழுத்திப் படிய வையுங்கள், காற்று மேலே வருவது குறையும். புருவத்தைப் பென்சிலால் லேசாக நிரப்புங்கள். பொட்டு கொஞ்சம் பெரிதாகவே இருக்கட்டும். நான் கறுப்பிலிருந்து அரக்குக்கு மாறிவிட்டேன். பல் கட்ட வரும் பாட்டி ஒருவர், "கண்ணே சிரிக்குதும்மா" என்றார்.

அப்புறம், மாஸ்க் ஈரமானால் மாற்றிவிடுங்கள். ஹேண்ட்பேக்கில் எப்போதும் இரண்டு வைத்திருப்பேன். வீட்டுக்கு வந்ததும் முதலில் முகம் கழுவல், டீ பிறகுதான்.