கமிட்டி போட்டு விசாரிக்காதீர்கள்: கத்தோலிக்கப் பள்ளிகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜூனில் பள்ளி திறந்ததும் குழந்தைப் பாதுகாப்புப் பொறுப்பு யாராவது ஒரு புது டீச்சரின் தலையில் வந்து விழும். பிரம்பு கூடாது, 1098, 14417 என்ற உதவி எண்கள் சுவரில் இருக்க வேண்டும், கேட்டில் வருகைப் பதிவேடு வேண்டும் என்பதெல்லாம் அவர்களுக்கே தெரியும். அவர்கள் சறுக்குவது வேறு இடங்களில், பெரும்பாலும் ஒரு பிள்ளை தனக்கு நடந்த பாலியல் தொல்லையைச் சொல்லும்போது. எங்கள் தலைமுறை சறுக்கிய அதே இடங்கள்தான். கத்தோலிக்கப் பள்ளி என்பதாலேயே வருகிற சறுக்கல்களும் உண்டு.

## "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று சத்தியம் செய்வது

காப்பாற்ற முடியாத சத்தியம். "உனக்கு உதவி பண்றவங்ககிட்ட மட்டும் சொல்லுவேன்மா" என்று சொன்னாலே போதும், பிள்ளை பேசும்.

## முதலில் நாமே விசாரித்துவிடுவோம் என்பது

இந்த ஒன்றில் மட்டும் எனக்குக் கோபம் இன்னும் அடங்கவில்லை.

பிள்ளை வகுப்பு டீச்சரிடம் சொல்லும். டீச்சர் தலைமையாசிரியை சிஸ்டரிடம் சொல்வார். அதுவரை சரி. சிஸ்டர் தாளாளர் ஃபாதருக்குப் போன் போடுவார். "அவசரப்பட வேண்டாம் சிஸ்டர், ஒரு கமிட்டி போடுவோம்" என்பார் அவர். தாளாளர், மூத்த ஆசிரியர்கள், பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர், போதாக்குறைக்கு ஊர்க் கோவிலின் பங்குப் பேரவையிலிருந்து ஒரு பெரியவர். நடுவில் அந்தப் பிள்ளை நிற்கும்.

ஒரு பள்ளியில் ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒன்று திங்கட்கிழமை டீச்சரிடம் சொன்னது. பிறகு தலைமையாசிரியை அறையில் சொன்னது. பிறகு மடத்துப் பார்லரில் மதர் முன்னால். வியாழக்கிழமை கமிட்டி முன்னால். ஒவ்வொரு தடவையும் "முன்னாடி அப்படிச் சொல்லலியே?" என்று குறுக்குக் கேள்வி. கடைசியில் புகாருக்கு ஆளான ஆசிரியரையே உள்ளே கூப்பிட்டு, "இவர் முகத்தைப் பார்த்துச் சொல்லு" என்றார்கள். "ஒண்ணும் நடக்கல சிஸ்டர்" என்றது பிள்ளை. புகாரில் உண்மையில்லை என்று மினிட் புத்தகத்தில் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். சிஸ்டர் அழுதுகொண்டேதான் போட்டார். பல மாதம் கழித்து அம்மா தானாகவே அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்குப் போனபோது, எதிர்த்தரப்பு வக்கீலின் கையில் இருந்த முதல் ஆவணம் அந்த மினிட்தான்.

பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் 2012 போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். குற்றம் நடந்ததாகத் தெரிந்தாலோ, நடக்கலாம் என்ற அச்சம் இருந்தாலோ, யாராக இருந்தாலும் காவல் நிலையத்துக்கோ சிறப்புச் சிறார் காவல் பிரிவுக்கோ தெரிவிக்க வேண்டும். நிரூபித்துவிட்டு வா என்று அதில் எங்கும் இல்லை. தெரிவிக்காதவருக்கு 6 மாதம் வரை சிறை. தனக்குக் கீழே வேலை பார்ப்பவர் செய்ததைத் தெரிவிக்காத நிறுவனத் தலைவருக்கு ஓராண்டு வரை. மகாராஷ்டிரத்தில் ஒரு பள்ளி விடுதிப் பிள்ளைகள் தொடர்பான வழக்கில், தெரிந்தும் தெரிவிக்காமல் இருப்பதே கடுமையான குற்றம் என்று உச்ச நீதிமன்றம் 2022இல் சொல்லியிருக்கிறது. அங்கே மாட்டியவர் பிள்ளைகளுக்கு வைத்தியம் பார்த்த டாக்டர். தாளாளர்களுக்கு இதை நான் சத்தமாகவே வாசித்துக் காட்டுவேன்.

"பொய்ப் புகாராக இருந்தால் ஒரு ஆளின் வாழ்க்கை போய்விடுமே?" என்று கட்டாயம் ஒருவர் கேட்பார். உண்மையா பொய்யா என்று பார்ப்பது போலீஸின் வேலை, நீதிமன்றத்தின் வேலை. நல்லெண்ணத்தோடு தகவல் கொடுத்தவர் மேல் வழக்கு வராது என்று அதே 19ஆம் பிரிவு சொல்கிறது. "போலீஸைப் பார்த்தால் பிள்ளை பயந்துவிடும்" என்பது அடுத்த சாக்கு. சட்டப்படி வாக்குமூலம் வாங்க வருகிற அதிகாரி சீருடையில் வரக் கூடாது. கூடுமானவரை பெண் அதிகாரியாக இருக்க வேண்டும். பிள்ளையின் வீட்டிலோ பிள்ளை விரும்பும் இடத்திலோ கேட்க வேண்டும். உங்கள் கமிட்டியில் இதில் ஏதாவது ஒன்று உண்டா?

செய்ய வேண்டியது கொஞ்சம்தான். ஒரே தடவை கேளுங்கள். "ஏன் அங்க போனே?" என்று கேட்காதீர்கள். பிள்ளை சொன்ன வார்த்தையிலேயே எழுதுங்கள். கொச்சையாகச் சொன்னால் கொச்சையாகவே இருக்கட்டும், செந்தமிழாக்கிவிடாதீர்கள். தேதி, நேரம், கையெழுத்து. அன்றைக்கே தகவல். புகாருக்கு ஆளானவர் அன்றிலிருந்து வளாகத்துக்குள் வரக் கூடாது.

## ஆயர் இல்லத்துக்குச் சொல்லியாயிற்று என்பது

ஆயரிடம், அதாவது பிஷப்பிடம், சொல்லுங்கள், தப்பில்லை. குருக்களும் துறவியரும் திருச்சபைக்குள் புகாரைத் தெரிவித்தாக வேண்டும் என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2019இல் விதித்தார். 2023இல் அதை நிரந்தரமாக்கினார். ஆனால் நாட்டுச் சட்டப்படியான கடமை அப்படியே நிற்கும் என்று அந்த விதிகளே சொல்கின்றன. 2019 டிசம்பரில் இந்த வழக்குகளுக்குத் திருத்தந்தை ரகசியக் காப்பையும் நீக்கிவிட்டார். மறைமாவட்டத்தின் பதில் வரட்டும் என்று கோப்பை மூடி வைக்க ரோமாபுரியே இடம் கொடுக்கவில்லை.

## பாவசங்கீர்த்தன முத்திரையை எல்லாவற்றிலும் குத்துவது

ஒப்புரவு அருட்சாதனம் என்கிற பாவசங்கீர்த்தனத்தில் குரு கேட்டது வெளியே வராது; அந்த ரகசியக் காப்புதான் முத்திரை. திருச்சபைச் சட்டம் 983 அதில் விட்டுக்கொடுக்காது. ஆனால் வராந்தாவில் ஃபாதரிடம் அழுதுகொண்டு சொன்னதும், ஆலோசனை அறையில் சொன்னதும், மறைக்கல்வி முடிந்து சொன்னதும் அருட்சாதனம் ஆகாது. சிஸ்டரிடம் சொன்னதற்கு முத்திரை என்ற பேச்சே இல்லை. "ஆன்மிகமா பேசினது, வெளியே சொல்லக் கூடாது" என்று தயங்குகிற இளம் சிஸ்டர்களைப் பயிற்சிக்குப் பயிற்சி பார்க்கிறேன்.

இதோடு இன்னொன்று. மாதத்தின் முதல் வெள்ளிக்கு முந்தின நாள் பாவசங்கீர்த்தனத்துக்காகப் பிள்ளைகளை ஃபாதரின் அறைக்கு ஒவ்வொருவராக அனுப்பாதீர்கள். தட்டியுள்ள பாவசங்கீர்த்தனத் தொட்டி திறந்த இடத்தில் இருக்க வேண்டும் என்று 964ஆம் எண் சட்டம் சொல்கிறது. கோவில் பக்கத்திலேயே இருக்கும்போது அறை எதற்கு?

## ராஜினாமா வாங்கி அனுப்பிவிடுவது

புகாருக்கு ஆளானவரை அடுத்த பள்ளிக்கு நீங்களே அனுப்பிவைக்கிறீர்கள். நன்னடத்தைச் சான்றிதழோடு.

## "எங்களுடையது ஆண்கள் பள்ளிதானே"

போக்சோவில் 18 வயதுக்குக் கீழே ஆணோ பெண்ணோ எல்லோரும் குழந்தைகள். திருப்பலியில் குருவுக்கு உதவும் பீடச்சிறுவர்களும்தான்.

## கேமரா இருக்கிறதே என்பது

பதிவாகும். யார் பார்க்கிறார்கள்?

## மடத்தோடு ஒட்டிய விடுதிக்கு விதிவிலக்கு உண்டு என்று நினைப்பது

கிடையாது. பெண்கள், குழந்தைகள் விடுதிகளுக்கான 2014 தமிழ்நாட்டுச் சட்டம் கன்னியர் நடத்தும் போர்டிங்குக்கும் உண்டு. உரிமம் வாங்குங்கள்.

## காலை வழிபாட்டில் செபிப்பது

நல்ல மனசோடு செய்கிற தவறு இது. "துன்பத்தில் இருக்கும் நம் எட்டாம் வகுப்பு பி பிரிவுச் சகோதரிக்காகச் செபிப்போம்" என்று மைக்கில் சொல்வார்கள். யார் லீவு என்று பார்த்தால் முதல் பீரியட் முடிவதற்குள் பள்ளி முழுக்கத் தெரிந்துவிடும். ஸ்டாஃப் வாட்ஸ்அப் குரூப்பும் இதே ரகம். ஊடகங்களுக்குத் தடை பிள்ளையின் பெயர், முகவரி, படத்துக்கு மட்டுமல்ல. குடும்ப விவரமும் பள்ளியின் பெயரும் வெளியிடக் கூடாது என்று போக்சோவின் 23ஆம் பிரிவு சொல்கிறது. உங்கள் கோப்பில் பெயருக்குப் பதில் ஒரு எண் போடுங்கள். பிள்ளை திரும்பி வரும் நாளில் தெரிந்திருக்க வேண்டியவர்கள் வகுப்பு டீச்சரும் தலைமையாசிரியையும்தான். உடற்பயிற்சி ஆசிரியருக்கு, "இன்னிக்கு அவ விளையாட வரலைன்னா விட்டுடுங்க சார்" என்ற அளவு போதும்.