தள்ளாடும் குதிரையின் கழுத்தை எக்ஸ்ரேயில் அளப்பது எப்படி?

பின்னங்கால் தள்ளாடும் இளம் தரோபிரெட் (பந்தய இன) குதிரை வந்தால் எனக்கு முதல் சந்தேகம் வாப்ளர் மேல்தான். கழுத்து முள்ளெலும்புகளுக்குள் ஓடும் கால்வாய் குறுகித் தண்டுவடத்தை நசுக்குவதால் வருவது இது. போன மாதம் இரண்டு வயதுக் குதிரை ஒன்றுக்கு நான் தவறாக அளந்துவிட்டேன். உங்களுக்கும் அது நேரக்கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

1. நடையைப் பாருங்கள். சிறு வட்டமாகத் திருப்புங்கள், பின்னோக்கி நடத்துங்கள், நடக்கும்போதே வாலைப் பக்கவாட்டில் இழுத்துப் பாருங்கள். தள்ளாட்டத்துக்கு 0 முதல் 5 வரை ஒரு தரம் போட்டு, படம் எடுக்கும் முன்பே குறித்துவிடுங்கள்.

2. தயார் செய்யுங்கள். மயக்க மருந்து லேசாகப் போதும். ஏற்கெனவே தள்ளாடும் குதிரை, கூடினால் விழுந்துவிடும். கொக்கி இல்லாத கயிற்றுத் தலைக்கட்டு, பிடரிமயிர் மறுபக்கம். எக்ஸ்ரே தகட்டைக் கையில் பிடிக்காமல் தாங்கியில் வையுங்கள். கையடக்க எக்ஸ்ரே கருவி மேல்கழுத்துக்குச் சரி. தோள் மறைக்கும் சி6, சி7க்கு (தலையிலிருந்து எண்ணினால் ஆறாவது, ஏழாவது கழுத்தெலும்புகள்) திறன் கூடிய கருவியைத்தான் நான் நம்புவேன்.

3. கழுத்தை நேராக்குங்கள். நான் சறுக்கியது இங்கேதான். லாயக்காரர் பக்கவாட்டில் நின்றார், குதிரை அவர் பக்கம் மூக்கைத் திருப்பியது, கழுத்து சற்றே முறுக்கிக்கொண்டது. படம் தெளிவாக இருந்ததால் நான் கவனிக்கவில்லை. எலும்பின் உயரத்தோடு ஒப்பிட்ட கால்வாயின் உயரம் (கணக்கு 4ஆம் படியில்) சி5இல் 49 சதவீதம் வந்தது. மறுநாள் நேராக எடுத்தபோது 55! ஒரு குதிரையின் எதிர்காலமே அந்த ஆறு சதவீதத்தில் இருந்தது. அதனால் பிடிப்பவரை நேர் முன்னால் நிறுத்துங்கள். படத்தில் எலும்பின் இடது, வலது பக்க நீட்சிகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருக்க வேண்டும். இரட்டையாகத் தெரிந்தால் அளக்கவே அளக்காதீர்கள், திரும்ப எடுங்கள்.

4. அளவிடுங்கள். ஒவ்வொரு எலும்பிலும் கால்வாயின் மிகக் குறுகிய உயரத்தை, அதே எலும்பு உடலின் தலைப்பக்க முனையின் அதிகபட்ச உயரத்தால் வகுக்க வேண்டும். 21 மி.மீ., 44 மி.மீ. என்றால் சுமார் 48 சதவீதம். இரண்டும் ஒரே எலும்பில் இருப்பதால், படம் பெரிதாக விழுந்தாலும் விகிதம் மாறாது. சி4 முதல் சி6 வரை 52, சி7இல் 56 சதவீதத்துக்குக் கீழே போனால் சந்தேகம் வலுக்கிறது.

5. அடுத்து? எந்த இடத்தில் நசுங்குகிறது என்பதை விகிதம் மட்டும் சொல்லாது. அதற்கு முழு மயக்கத்தில் தண்டுவட உறைக்குள் ஐயோஹெக்சால் என்ற, எக்ஸ்ரேயில் தெரியும் மருந்தைச் செலுத்திப் படம் (மைலோகிராம்) எடுக்க வேண்டும். பக்கவாட்டு நசுக்கலைச் சாதாரண எக்ஸ்ரே காட்டாது. பெரிய குதிரையின் கழுத்து நுழையும் சிடி கருவி கிடைத்தால் தயங்காதீர்கள்.

பிற்சேர்க்கை: "சி6ஐக் கீழே தொங்கும் பெரிய எலும்புத் தகட்டை வைத்துத்தானே அடையாளம் காண்கிறோம், அது சி7இல் இருந்தால்?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். நல்ல கேள்வி. சில தரோபிரெட் குதிரைகளில் அந்தத் தகடு பிறவியிலேயே சி7க்கு இடம் மாறியிருக்கும். தகட்டை நம்பி எண்ணினால் எல்லா அளவும் ஓர் எலும்பு தள்ளிப்போகும். எப்போதும் சி2இலிருந்து, ஒன்றையொன்று தொட்டு வரும் படங்களில் எண்ணிக்கொண்டு வாருங்கள்.