உதவி போகும் ஊருக்குப் பகையும் போகாமலிருக்க

மாரி வெள்ளம் வந்தால் மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் நிவாரண வேலைக்கு நிறையப் புதியவர்கள் வருவார்கள். நல்ல மனதோடுதான் வருகிறார்கள். ஆனால் அவர்கள் பயனாளிகள் பட்டியல் எடுக்கும் விதத்தைப் பார்த்தால், சுனாமிக்குப் பிறகு எங்கள் கரையோரத்தில் நடந்த பிழைகள் அப்படியே திரும்புகின்றன. பொதியில் பருப்பு குறைந்தது, லொறி பிந்தியது போன்றவற்றை இங்கே எழுதவில்லை. அவற்றைச் சனமே முதல் வாரத்தில் முகத்துக்கு நேரே சொல்லிவிடும். உதவி போன இடத்தில் அயலூர் உறவு கெடுவதை யாரும் சொல்லமாட்டார்கள். அப்படிக் கெடுக்கும் பிழைகளைத்தான் ஒவ்வொன்றாக எழுதுகிறேன்.

சமாதானத்தைத் தனி வேலையாக ஒதுக்குவது

திட்ட முன்மொழிவில் வீடு, கிணறு, வாழ்வாதாரம் எல்லாம் எழுதிவிட்டு, கடைசியில் சமாதானத்துக்கென்று ஒரு வரி சேர்ப்பார்கள். அந்த வரிக்கு ஒரு கிரிக்கெட் போட்டி, ஒரு வீதி நாடகம், சிங்கள, தமிழ், முஸ்லிம் பிள்ளைகள் மூவரும் ஒரே தொப்பி போட்ட ஒரு படம். போட்டி நடக்கட்டும், பிள்ளைகளுக்குச் சந்தோஷம்தான். ஆனால் கிணறு எந்த ஊரில் வெட்டப்படுகிறது, எந்த மேசனுக்கு வேலை கிடைக்கிறது, சீமெந்து யாருடைய கடையில் வாங்கப்படுகிறது என்பதையெல்லாம் இரண்டு ஊரும் பார்த்துக்கொண்டிருக்கிறது. இந்த முடிவுகளை எடுக்கும் கூட்டத்துக்குச் சமாதானத் திட்ட அலுவலரை யாரும் கூப்பிடுவதில்லை.

பட்டியலை அனர்த்தத்தின் பெயரால் பிரிப்பது

இதை நினைத்தால் எனக்கு இன்னும் எரிச்சல் வரும்.

2004 டிசம்பர் 26க்குப் பிறகு இலங்கைக்குப் பணம் கொட்டியது. 30,000க்கும் அதிகமானோர் இறந்திருந்தார்கள், அம்பாறை மாவட்டத்தின் இழப்பு மிகப் பெரியது. பணம் தேவைப்பட்டது, வந்தது. ஆனால் அது 'சுனாமியால் பாதிக்கப்பட்டவர்' என்ற முத்திரையோடு வந்தது. அதே கரையோரத்தில், 1990இலிருந்து போரால் திரும்பத் திரும்ப இடம்பெயர்ந்து தகரக் கொட்டில்களில் இருந்தவர்களும் வாழ்ந்தார்கள். கடல் வந்து நின்ற எல்லைக்கு இந்தப் பக்கம் கல்வீடு எழும்பியது. அந்தப் பக்கம் கொட்டில் கொட்டிலாகவே இருந்தது.

ஒரு பதிவு மேசையில் வயதான ஒரு அம்மா கேட்டது நினைவிருக்கிறது: "என்ட ஊட்ட கடல் எடுக்கல்ல மனே, ஷெல்தான் எடுத்த. அதுக்கு எந்தப் போம் நிரப்புற?" அந்த மேசையில் அப்படியொரு படிவம் இருக்கவில்லை. பதிவு செய்த பையன் நல்லவன், கண் கலங்கிவிட்டான். அவனுக்குக் கொடுக்கப்பட்ட அளவுகோலில் அந்த அம்மா இல்லை, அவ்வளவுதான். அவனை அனுப்பிய நிறுவனத்தில் அவசர நிவாரணத்துக்கு ஒரு பிரிவு, போரால் இடம்பெயர்ந்தோருக்கு இன்னொரு பிரிவு. இரண்டும் ஒரே கட்டடத்தில் இருந்தும் தங்கள் பட்டியல்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேயில்லை.

கிழக்கில் இது இன்னும் மோசமாகும். காரைதீவு தமிழர் ஊர். அதற்கு வடக்கே சாய்ந்தமருது, தெற்கே நிந்தவூர், இரண்டும் முஸ்லிம் ஊர்கள். இப்படி மாறி மாறி ஊர்கள் இருக்கும் கரையில், தொழில்நுட்பமாகத் தோன்றும் எந்த அளவுகோலும் களத்தில் இன எல்லையாக விழக்கூடும். அப்புறம் சனம் அளவுகோலைப் பற்றிப் பேசாது, 'அவங்களுக்கு மட்டும் குடுக்கிறாங்க' என்றுதான் பேசும்.

கரையோரத் தடை வலயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சுனாமிக்குப் பிறகு, கடலிலிருந்து தெற்கில் 100 மீற்றருக்குள்ளும் வடக்கு கிழக்கில் 200 மீற்றருக்குள்ளும் வீடு கட்டக்கூடாது என்று அரசு அறிவித்தது. காணி நெருக்கடி கடுமையான கல்முனை, சாய்ந்தமருதுப் பக்கம் 200 மீற்றர் பின்னே போவதென்றால், எங்கே போவது? மாற்றுக் காணி பேச்சு வந்ததும், யாருடைய ஊரின் விகிதாசாரம் மாறும் என்ற பயமும் கூடவே வந்தது. அக்கரைப்பற்று நுரைச்சோலையில் சவூதி அரேபியாவின் உதவியோடு 500 வீடுகள் கட்டப்பட்டன. அவற்றை முஸ்லிம்களுக்கு மட்டும் கொடுப்பதை எதிர்த்து வழக்குப் போனது. இன விகிதாசாரப்படி பகிர வேண்டும் என்று உயர் நீதிமன்றம் சொன்னது. வீடுகள் ஆண்டுக்கணக்கில் ஆளில்லாமல் பாழடைந்தன. கடலிடம் எல்லாம் இழந்தவர்கள் அத்தனை காலமும் காத்திருந்தார்கள்.

சரி, என்ன செய்யலாம்? பணம் கையில் வருவதற்கு முன்பே நன்கொடையாளரிடம் பேசுங்கள். 'அனர்த்தத்தால் பாதிக்கப்பட்டோரும், அதே பிரதேசத்தில் வேறு காரணத்தால் வீடற்றோரும்' என்று ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். ஒரு பங்கையாவது வாதாடி அப்படி மாற்றிய நிறுவனங்கள் அன்றும் இருந்தன. பிறகு அளவுகோலைக் கிராம உத்தியோகத்தர் அலுவலகச் சுவரில் ஒட்டுங்கள், பக்கத்து ஊரிலும் ஒட்டுங்கள். முறைப்பாடு கேட்பவர் அந்த இரண்டு ஊரையும் சேராதவராக இருக்கட்டும்.

ஒரு எச்சரிக்கை. சுவரில் ஒட்டுவது அளவுகோலை மட்டும். 'முன்னாள் போராளி குடும்பம்', 'காணாமல் ஆக்கப்பட்டவரின் மனைவி' என்று பெயர்களுக்குப் பக்கத்தில் எழுதி ஒட்டிய பட்டியலை நான் கண்டிருக்கிறேன். அன்று மாலையே அந்த வீடுகளுக்குச் சீருடைக்காரர் விசாரிக்கப் போனார்கள். பட்டியலைத் தயாரித்தவர்கள் அப்போது கொழும்புக்குத் திரும்பியிருந்தார்கள்.

பாதிப் பாதியாகப் பிரித்தால் நியாயம் என்று நம்புவது

தமிழரும் முஸ்லிமும் பிட்டும் தேங்காய்ப்பூவும் போல என்று கிழக்கில் சொல்வார்கள். அந்த உறவு தொழிலில்தான் ஓடுகிறது: மீன் பிடிப்பவர் ஒரு ஊர், ஐஸ் போட்டு வாங்கிச் சந்தைக்குக் கொண்டுபோகிறவர் இன்னொரு ஊர். சுனாமிக்குப் பிறகு படகு கொடுப்பதில்தான் எல்லோருக்கும் ஆர்வம். பல கரைகளில் அழிந்ததைவிட அதிகமான சிறு படகுகள் வந்து சேர்ந்தன. மீனை வாங்கும் வியாபாரியின் ஐஸ் பெட்டியையும் சைக்கிளையும் பற்றி மிகச் சிலரே யோசித்தார்கள். இரண்டு ஊருக்கும் சம எண்ணிக்கையில் பொருள் கொடுத்தால் கணக்கு நேராகும். இரண்டு ஊரும் சேர்ந்து பாவிக்கும் சந்தை, வாய்க்கால், ஐஸ் அறை ஆகியவற்றைத் திருத்தினால் அறுந்த கொடுக்கல் வாங்கல் மீண்டும் தொடங்கும்.

பாதிக்கப்பட்ட ஒருவரை மேசைக்கு வெளியே விடுவது

2005 ஜூனில் சுனாமி நிவாரணத்துக்காக அரசும் விடுதலைப் புலிகளும் பொதுக் கட்டமைப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். கடும் இழப்பைச் சந்தித்த முஸ்லிம்கள் அதில் கையெழுத்திடும் தரப்பாக இல்லை. அவர்களுடைய கோபம் நியாயமானது. அடுத்த மாதமே உயர் நீதிமன்றம் முக்கியப் பகுதிகளை இடைநிறுத்த, அது இயங்காமலே போனது. கிராம மட்டத்திலும் இதே பிழை நடக்கிறது. கோயில் தலைவரையும் பள்ளிவாசல் தலைவரையும் கேட்டால் ஊரைக் கேட்டாயிற்று என்று நினைக்காதீர்கள். கூலிக்குப் போகிறவர்களும் பெண்களும் வரக்கூடிய நேரத்தில் கூட்டத்தை வையுங்கள்.

ஒரே மொழியில் படிவம்

வேண்டாம்.

மூன்று மாதச் சமாதானத் திட்டம்

ஒப்புக்கொள்ளாதீர்கள்.

கட்டியதை ஊரிடம் கையளிப்பதைக் கடைசி வாரத்துக்கு விடுவது

திறப்பு விழாவுக்கு அமைச்சர் வருவார், நாடா வெட்டப்படும். பம்பு அறைச் சாவி யாரிடம் இருக்கும், மின்கட்டணத்தை எந்தச் சங்கம் கட்டும், இரண்டு சங்கங்கள் என்றால் வங்கிக் கணக்கில் யார் யார் கையெழுத்து? இவற்றை அத்திவாரம் போடும்போதே எழுதி, இரண்டு ஊர்க் கூட்டத்திலும் வாசித்து, பிரதேச செயலகத்தில் ஒரு பிரதி கொடுத்துவிடுங்கள்.