வாரம் அரை மணி நேரம், ஒரு பை பொம்மைகள்: வீட்டில் விளையாட்டு சிகிச்சை செய்யும் முறை

சென்ற ஆண்டு என் மகளுக்குக் குடல்வால் அறுவைச் சிகிச்சை நடந்தது. அப்போது ஐந்து வயது. தையல் போட்ட இடம் சீக்கிரமே ஆறிவிட்டது. ஆனால் அதற்குப் பிறகு படுக்கையை நனைக்க ஆரம்பித்தாள், தம்பியின் முடியைப் பிடித்து இழுத்தாள், முடிவெட்டும் கடையில் வெள்ளைத் துணியைப் போர்த்த வந்தவரின் கையைக் கடித்துவிட்டாள். "செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டாய்" என்றார் என் அம்மா. உடம்பில் கோளாறு எதுவும் இல்லை என்று பார்த்துச் சொன்ன குழந்தை மருத்துவர், எங்களை ஓர் உளவியல் ஆலோசகரிடம் அனுப்பினார்.

அந்த அம்மையார் மகளோடு பேசியதைவிட எங்களோடு பேசியதுதான் அதிகம். பத்து வாரம் எனக்கும் மனைவிக்கும் பயிற்சி. வாரம் ஒருமுறை வீட்டில் அரை மணி நேர விளையாட்டு. அதைக் கைப்பேசியில் படம் பிடித்து அவரிடம் காட்ட வேண்டும், திட்டு வாங்க வேண்டும். இந்தப் பதிவு அந்தத் திட்டுகளின் சாரம்.

இதற்குப் பெயர் விளையாட்டு சிகிச்சை: வாயால் சொல்லத் தெரியாததைக் குழந்தை பொம்மைகளை வைத்துச் சொல்லிவிடும். இது ஏதோ புதுமோகம் இல்லை. குழந்தை தானே வழிநடத்தும் விளையாட்டு சிகிச்சைக்கு அமெரிக்க உளவியலாளர் வர்ஜீனியா ஆக்ஸ்லைன் 1947லேயே எட்டு விதிகள் எழுதிவிட்டார். பெற்றோரையே இதை நடத்தப் பழக்கிவிடலாம் என்று 1960களில் தொடங்கியவர்கள் பெர்னார்ட், லூயிஸ் கெர்னி தம்பதியர். அதைப் பத்து வாரப் பாடமாகச் சுருக்கியவர்கள் அமெரிக்காவின் கேரி லாண்ட்ரெத்தும் சூ பிராட்டனும். 93 ஆய்வுகளைத் தொகுத்து 2005இல் வெளிவந்த ஒரு மதிப்பீட்டில், நிபுணர்கள் நடத்தியதைவிட, பயிற்சி பெற்ற பெற்றோர் நடத்திய அமர்வுகளில் பலன் இன்னும் கூடுதலாகவே தெரிந்தது. கவனியுங்கள்: பயிற்சி பெற்ற பெற்றோர்.

படி 1: நேரம்

ஒரே கிழமை, ஒரே மணி, ஒரே இடம். எங்களுக்குச் சனிக்கிழமை காலை பத்து மணி. அடம்பிடித்தாள் என்பதற்காக இந்த அரை மணியை ரத்து செய்யக் கூடாது. மருந்தைத் தண்டனையாக நிறுத்துவோமா?

படி 2: பை

இந்தப் பொம்மைகள் அந்த அரை மணிக்கு மட்டும். மற்ற நேரத்தில் பீரோவின் மேல் இருக்க வேண்டும். எங்கள் பையில் இருப்பவை: திருவிழாக் கடையில் வாங்கிய சொப்புச் சாமான், குடும்ப பொம்மைகள், ஒரு கரடி, ரப்பர் பாம்பு, பொம்மைத் துப்பாக்கி, கயிறு, உடைந்த கிரேயான்கள், மைதாவும் உப்பும் பிசைந்த மாவு, ஒரு பழைய கைப்பேசி, தலையணை.

டாக்டர் செட்டுக்கென்று காசைக் கொட்டாதீர்கள். மருந்துக் கடையில் ஐந்து மில்லி சிரிஞ்ச் வாங்கி, ஊசியை அங்கேயே கழற்றிக் கொடுத்துவிட்டு வாருங்கள். பிளாஸ்டிக் செட்டில் இருக்கும் இளஞ்சிவப்பு ஊசியை என் மகள் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. பேட்டரி போட்டுப் பாடும் பொம்மைகள் எதுவும் வேண்டாம். அவை விளையாடும், குழந்தை வேடிக்கை பார்க்கும். துப்பாக்கி எதற்கு என்று உறவினர்கள் கேட்பார்கள். கோபத்துக்கும் ஒரு பாத்திரம் வேண்டும், அதற்குத்தான்.

படி 3: முதல் வாக்கியம்

"இது நம்முடைய விளையாட்டு நேரம். இந்தப் பொம்மைகளை வைத்து உனக்குப் பிடித்த பல விதத்தில் விளையாடலாம்." பல விதத்தில். 'எப்படி வேண்டுமானாலும்' என்று வாய்தவறிச் சொல்லிவிட்டால் படி 5இல் மாட்டிக்கொள்வீர்கள்.

படி 4: வாயைக் கட்டுவது

தரையில், அவள் உயரத்துக்கு உட்காருங்கள். அவள் செய்வதைச் சொல்லுங்கள்: "சொப்பில் தண்ணீர் ஊற்றுகிறாய்." அவள் முகத்தில் தெரிவதைச் சொல்லுங்கள்: "மூடி திறக்கவில்லை, உனக்கு எரிச்சலாக இருக்கிறது." கேள்வி கேட்கக் கூடாது, பாடம் நடத்தக் கூடாது, "சமத்து" என்று பாராட்டவும் கூடாது. பாராட்டினால் அடுத்த நிமிடமே உங்களுக்குப் பிடித்ததை விளையாடத் தொடங்கிவிடுவாள்.

நம் மொழியில் இதற்கு ஒரு பொறி இருக்கிறது. 'கோபமாக இருக்கிறது' என்பதற்கும் 'கோபமாக இருக்கிறதா' என்பதற்கும் நடுவே ஓர் 'ஆ'தான். நம் வாய்க்கு அந்த ஆகாரம் தானாக வரும். என் முதல் வீடியோவின் முதல் மூன்று நிமிடத்தில் பதினான்கு கேள்விகள் கேட்டிருக்கிறேன். ஆலோசகர் விரல்விட்டு எண்ணினார்.

நான்காவது வாரம். சிரிஞ்சை எடுத்தாள். "படு" என்றாள். படுத்தேன். தொடையில் ஓர் ஊசி, கையில் ஒன்று, நெற்றியில் ஒன்று. ஒவ்வொன்றுக்கும் முன்னால் "ஒன்றும் வலிக்காது, கத்தாதே" என்றாள். அது என் வாக்கியம். மருத்துவமனையில் அவள் இரண்டு காலையும் அமுக்கிப் பிடித்துக்கொண்டு நான் சொன்னது, நான் இழுத்த அதே இழுப்போடு திரும்பி வந்தது.

மன்னிப்புக் கேட்கத்தான் வாய் வந்தது. ஆனால் அந்த அரை மணி என்னுடையது இல்லை. குரலைத் தாழ்த்தி, "இப்போது நோயாளி என்ன செய்ய வேண்டும்?" என்று கேட்டேன். வேடம் கட்டும்போது மட்டும் இந்தக் கேள்விக்கு அனுமதி உண்டு.

"அழ வேண்டும். யாரும் வரக் கூடாது."

அழுதேன். நடிப்பதற்கு அதிகம் சிரமப்படவில்லை. "நோயாளிக்குப் பயமாக இருக்கிறது. கூப்பிட்டால் யாரும் வரவில்லை" என்றேன். அவள் சிரிஞ்சைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். பிறகு இன்னும் ஆறு ஊசி போட்டாள். மறுவாரமும் அதே விளையாட்டு, அதற்கடுத்த வாரமும். திரும்பத் திரும்ப விளையாடுவதைக் கண்டு பயப்படாதீர்கள். அன்று அவள் படுத்திருந்தாள், இன்று ஊசி அவள் கையில். அதை அலுக்கும்வரை அனுபவித்துத் தீர்க்க வேண்டியிருக்கிறது.

படி 5: எல்லை போடுவது (நான் சறுக்கிய இடம்)

ஐந்தாவது வாரம் சொப்புச் சாமானில் இருந்த சப்பாத்திக் கட்டையால் என் முட்டியில் ஓங்கி அடித்தாள். கையைப் பிடித்து, "அப்பாவை அடிக்கலாமா?" என்றேன். மூலையில் போய் உட்கார்ந்தவள் மீதிப் பதினைந்து நிமிடமும் எழவே இல்லை. ஆறாவது வாரம், மறுபடி கெடுத்துவிடக் கூடாதே என்று அடிக்க விட்டேன். அடி வலுத்தது. பிறகு அவளே பயந்துபோய் அழுதாள். தன்னை நிறுத்த ஆள் இல்லை என்பதுதான் அந்தப் பயம் என்றார் ஆலோசகர்.

லாண்ட்ரெத் சொல்லும் வழியில் மூன்று துண்டுகள் உண்டு, இதே வரிசையில்: முதலில் அவள் உணர்வு, அடுத்து எல்லை, கடைசியில் மாற்று வழி. பயிற்சிக் குறிப்பின் ஆங்கில வாக்கியத்தை அப்படியே தமிழாக்கி "அப்பா அடிப்பதற்கானவர் அல்ல" என்று சொல்லிப் பார்த்தேன். அவளுக்குச் சிரிப்பு வந்தது. எனக்குச் சட்டப் புத்தகம் படிப்பதுபோல் இருந்தது. கடைசியில் எங்கள் வீட்டில் நிலைத்தது இது:

"அப்பாமேல் உனக்கு ஒரே கோபம். அப்பாவுக்கு அடி கிடையாது. தலையணைக்கு அடி உண்டு."

குரல் உயரக் கூடாது. மூன்றும் ஒரே மூச்சில் வர வேண்டும். 'அடிக்காதே' என்ற சொல்லே இதில் இல்லை, பாருங்கள். மூன்று முறை சொல்லியும் கேட்காவிட்டால் மட்டும்: "இன்னொரு முறை அப்பாமேல் பட்டால் கட்டை இன்றைக்குப் பைக்குள் போய்விடும். எது வேண்டும் என்று நீயே முடிவு செய்." சொன்னால் செய்துவிட வேண்டும். ஏழாவது வாரம் கட்டை ஒருமுறை பைக்குள் போனது. அதற்குப் பிறகு தேவைப்படவில்லை.

படி 6: முடிப்பது

ஐந்து நிமிடம் இருக்கும்போது ஒருமுறை சொல்லுங்கள், ஒரு நிமிடம் இருக்கும்போது மறுமுறை. பிறகு எழுந்துவிடுங்கள். பொம்மைகளை அடுக்குவது உங்கள் வேலை.

படுக்கை நனைவது எட்டாவது வாரத்துக்குப் பிறகு குறைந்தது, முழுதாக நிற்க இன்னும் சில மாதங்கள் ஆயின. தம்பியோடு சண்டை இப்போதும் உண்டு. அது எல்லா வீட்டிலும் இருக்கிற அளவுதான்.

பின்சேர்க்கை 1: "இரண்டு குழந்தைகளையும் சேர்த்து உட்கார வைக்கலாமா?" என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். கூடாது. தனித்தனி நேரம். எங்கள் சின்னவனுக்கு ஞாயிறு, அம்மாவோடு.

பின்சேர்க்கை 2: மூன்றாவது வாரத்தில் முரட்டுத்தனம் கூடிவிட்டது என்று ஒரு வாசகி எழுதியிருந்தார். எங்கள் வீட்டிலும் கூடியது. இது நிஜமாகவே என் நேரம்தானா என்று சோதித்துப் பார்ப்பார்கள். மாமியார் நடுவில் வந்து "என்ன, சும்மா உட்கார்ந்திருக்கிறாய்?" என்று கேட்பதாகவும் எழுதியிருந்தார். கதவில் ஒரு துண்டைத் தொங்கவிடுங்கள். துண்டு தொங்கினால் யாரும் வரக் கூடாது. என் அம்மாவுக்கே அது பழகிவிட்டது.

பின்சேர்க்கை 3 (இதைத் தாண்டிப் போகாதீர்கள்): பிள்ளை தன்னையே காயப்படுத்திக்கொண்டாலோ, வந்த பேச்சு நின்றுபோனாலோ, யாரோ தவறாகத் தொட்டிருப்பார்கள் என்ற ஐயம் இருந்தாலோ, இந்தப் பதிவை மூடிவிட்டு நேராக நிபுணரிடம் போங்கள். மனநல உதவிக்கு அரசின் டெலிமானஸ் எண் 14416, குழந்தைகள் உதவி எண் 1098. இரண்டுக்கும் கட்டணம் இல்லை.

பின்சேர்க்கை 4: சிரிஞ்ச் என்ன ஆனது என்று கேட்டவருக்கு: பையில்தான் இருக்கிறது. போன சனிக்கிழமை அதில் தண்ணீரை உறிஞ்சி, மாவில் பிடித்த இட்லிக்குச் சாம்பார் ஊற்றினாள்.