பாட்டிலுக்குள் மூழ்கி எழும் பேனா மூடி

குழந்தையோடு இதைச் செய்து பார்க்க, நுனியில் ஓட்டையில்லாத, ஒளி ஊடுருவும் பேனா மூடி ஒன்று, 1 லிட்டர் பிளாஸ்டிக் பாட்டில், மாடலிங் களிமண் போதும். சாதாரணக் களிமண் தண்ணீரில் கரைந்துவிடும்.

மூடியின் கொக்கி முனையில் களிமண்ணை ஒட்டுங்கள். வாய் அடைபடக் கூடாது. வாய் கீழ்நோக்கியிருக்க, டம்ளர் தண்ணீரில் மிதக்கவிடுங்கள். நுனி மட்டும் வெளியே தெரியும்வரை களிமண்ணைக் கூட்டிக் குறையுங்கள். பெரும்பாலும் சொதப்புவது இங்கேதான், அவசரம் வேண்டாம்.

அப்படியே, விளிம்புவரை தண்ணீர் நிரப்பிய பாட்டிலுக்குள் விட்டு, பாட்டிலை இறுக மூடி, அதன் பக்கங்களை அழுத்துங்கள். பேனா மூடி மூழ்கும்; கையைத் தளர்த்தினால் எழும்.

மூழ்காவிட்டால், பாட்டிலின் மேற்பகுதியில் காற்று தங்கியிருக்கும், அல்லது களிமண் போதாது. எழாவிட்டால், களிமண் அதிகம்.

காரணத்தை முந்திக்கொண்டு சொல்லாதீர்கள். அழுத்தும்போது உள்ளிருக்கும் காற்றுக்குமிழி சுருங்கி, தண்ணீர் ஏறி, எடை கூடுவதைக் குழந்தையே பார்த்துச் சொல்லட்டும்.