விமான ஜன்னல் படங்களில் வானவில் பட்டைகள்: காரணம் கிடைத்தது

டெல்லியிலிருந்து லே போகும் விமானத்தில் எடுத்த இமயமலைப் படங்கள் எல்லாவற்றிலும், தண்ணீரில் எண்ணெய் மிதப்பது போலப் பச்சையும் ஊதாவுமாகப் பட்டைகள். அதே கேமராவில் தரையிலிருந்து எடுத்த பாங்காங் ஏரி மட்டும் பளிச்சென்று இருந்தது.

லென்ஸைத் துடைத்தேன், வேறு லென்ஸும் மாட்டினேன். அப்படியேதான் இருந்தது. படத்தைத் திருத்தும் லைட்ரூம் மென்பொருளில் ஒயிட் பேலன்ஸ் (நிறச் சாயலைச் சரிசெய்யும் வசதி) மாற்றியும் பலனில்லை. மங்கலை நீக்கும் டீஹேஸ் போட்டால் பட்டை இன்னும் எடுப்பாகத் தெரிந்தது.

திரும்பும் விமானத்தில்தான் துப்பு கிடைத்தது. லென்ஸ் முன்னால் மாட்டியிருந்த போலரைசர் ஃபில்டரின் (ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டும் உள்ளே விடுவது) வளையத்தைத் திருகத் திருகப் பட்டைகளின் நிறம் மாறியது. லென்ஸ் மாற்றியபோதும் அந்த ஃபில்டர் கூடவே வந்திருக்கிறது!

விமான ஜன்னல் கண்ணாடி அல்ல, அக்ரிலிக். அதற்குள் இருக்கும் இறுக்கம், நீல வானத்திலிருந்து வரும் ஒரே திசை அதிர்வுள்ள ஒளியை நிறத்துக்கு நிறம் வேறு மாதிரி திருப்பிவிடும். வெறும் கண்ணுக்கு அது தெரியாது. போலரைசர் வைத்தால் காட்டிக்கொடுத்துவிடும். போலராய்டு கூலிங் கிளாஸ் போட்டுப் பார்த்தாலும் இதே வானவில்தான்.

ஃபில்டரைக் கழற்றியதும் பட்டைகள் போயே போச்சு. ஜன்னல் பிரதிபலிப்புக்கு லென்ஸைச் சுற்றிக் கறுப்புத் துணி போதும். லென்ஸ் ஜன்னலில் முட்டக் கூடாது, அதிர்வில் படம் கலங்கும். பழைய படங்களில் சிலதைக் கறுப்பு வெள்ளையாக்கித் தேற்றிக்கொண்டேன்.